பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் முன்…

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. அப்படியானால், பணம் கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும் என்பது அதனுள் அடங்கிய பொருள் அன்றோ! மாட்டுச் சந்தையில் நம் பாட்டனார்கள் பல்லைப் பார்த்து வயதை அறிந்தார்கள்; நடக்கவிட்டுக் காலைப் பார்த்தார்கள்; சுழியும் பார்த்தார்கள். இன்று பல வீடுகளில் மாடு நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதற்கும் பல் உண்டு, கால் உண்டு, சுழியும் உண்டு. அவற்றைப் பார்க்கும் முறையைச் சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் நாங்கள் கற்றுக்கொண்டோம். அதனைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

“பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டில் வண்டி வாங்கிய பணம் அம்மா தையல் மிஷின் மிதித்துச் சேர்த்த பணம். பணம் நம்முடையது என்றால், அதைக் கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றிய அறிவும் நம்மிடம் இருக்க வேண்டும் அல்லவா?

வாங்க நேர்ந்த காரணம்

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு அருகில் உள்ளது. டிப்ளமோ முடித்த அண்ணனுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. இரண்டாவது ஷிப்ட் முடிய இரவு பதினொரு மணி ஆகும். அந்நேரத்தில் எங்கள் ஊருக்குப் பேருந்து கிடையாது. சில நாள் லாரியில் ஏறி வருவான். சில நாள் ஆலையிலேயே படுத்துவிடுவான். அவன் வரும்வரை அம்மா வாசற்படியை விட்டு எழுந்ததில்லை. இரண்டு மாதம் இப்படியே கழிந்தபின், மூன்றாண்டுச் சீட்டுப் பணம் 45,000 ரூபாயை அம்மா எடுத்து வைத்தார்கள். புது வண்டிக்கு அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். ஆகவே பழைய வண்டிதான் என்று முடிவாயிற்று.

எங்கள் தெருவில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் மாமாவைத் துணைக்கு அழைத்தோம். அவர் எங்களிடம் முதலில் கேட்டது பணம் எவ்வளவு என்பதன்று. “பாப்பா, ஒரு நோட்டு எடுத்துக்க. நான் சொல்லச் சொல்ல எழுது. பாக்குறப்ப ஒண்ணையும் விடக்கூடாது. வண்டி பளபளன்னு இருந்தா உங்க அண்ணன் பாதியை மறந்துருவான்” என்றார். அவ்வாறே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, மூன்று வண்டிகளைப் பார்த்தோம்.

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும்

முதல் வண்டி கண்ணைப் பறித்தது. புதுப் பெயிண்ட், புது ஸ்டிக்கர், சீட்டுக்குப் புது உறை. அண்ணன் அப்போதே அதன்மேல் ஏறி அமர்ந்துவிட்டான். “காலையிலிருந்து ஸ்டார்ட் பண்ணவே இல்லை” என்றார் விற்பவர். மாமா எஞ்சின் அருகே புறங்கையை நீட்டினார், அனல் அடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. “நாளைக்கு வர்றோம்” என்று எங்களை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கே போய் நின்றோம்.

எஞ்சின் சூடாக இருந்தால் பல நோய்கள் மறைந்துவிடும். நல்ல எஞ்சின் குளிர்ந்த நிலையிலும் இரண்டு மூன்று உதையில் உயிர்பெற வேண்டும். கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்தும்போது ஓரிடத்தில் அது நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும். சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவதே அந்த எதிர்ப்பு. எதிர்ப்பின்றித் தொளதொளவென இறங்கினால் உள்ளே தேய்மானம் மிகுதி என்று கொள்ளலாம். அந்த வண்டி ஏழாவது உதையில்தான் கிளம்பிற்று.

அடுத்துப் புகையைப் பார்க்க வேண்டும். புகையின் நிறம் எஞ்சினின் நாடி போன்றது. நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் மட்டுமே எரிய வேண்டும். எண்ணெய், பாகங்கள் உரசித் தேயாமல் காப்பதற்காக உள்ளது. பிஸ்டன் வளையமோ சிலிண்டர் சுவரோ தேய்ந்தால் எண்ணெய் மேலேறி எரியும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வரும். வால்வு சீல் மட்டும் கெட்டிருந்தால் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு முறை நீலமாக வந்து பின்னர் குறையும். கறுப்புப் புகை வந்தால் காற்றின் அளவுக்குத் தேவையானதை விடப் பெட்ரோல் அதிகம் செல்கிறது. கார்புரேட்டரையோ ஏர் ஃபில்டரையோ சரிசெய்தால் போதுமானதாக இருக்கலாம். குளிர்ந்த காலையில் சற்று நேரம் தெரியும் வெண்புகை பெரும்பாலும் நீராவியே, அஞ்ச வேண்டியதில்லை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்தே எரிவதால் அவற்றில் சிறிது நீலப் புகை இயற்கை.

நாங்கள் பார்த்த வண்டி நான்கு ஸ்ட்ரோக். அது முறுக்க முறுக்க நீலமாய்ப் புகைந்தது. அண்ணன் முகம் வாடிற்று.

எலும்புக்கூட்டைப் பார்த்தல்

எஞ்சின் கெட்டால் பணம் செலவழித்துச் சரிசெய்யலாம். சட்டம் வளைந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வண்டியின் எலும்புக்கூடாகிய ஃபிரேமைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பத்தடி பின்னால் சென்று குனிந்து பார்த்தால், இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பது தெரியும். ஹேண்டில் பாரை இருபுறமும் முழுவதும் திருப்பினால், ஓரிடத்தில் தட்டி நிற்கும். அவ்வாறு தடுத்து நிறுத்தும் சிறு இரும்புக் கட்டை ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் இருக்கிறது. வண்டி பலமாக மோதியிருந்தால் அந்தக் கட்டை நசுங்கியிருக்கும். கழுத்தைச் சுற்றிப் புதிதாக வெல்டிங் தடம் தெரிகிறதா, பெயிண்ட் ஓரிடத்தில் மட்டும் தடிப்பாக உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். முதல் வண்டியில் கட்டை நசுங்கியிருந்தது. புதுப் பெயிண்டின் அடியில் வெல்டிங்கும் இருந்தது. புதுப் பெயிண்டின் காரணம் அப்போது எங்களுக்கு விளங்கிற்று. மின்னுவதெல்லாம் பொன்னல்ல!

முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, ஹேண்டில் பாரை மெல்லத் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், கழுத்திலுள்ள பால் ரேஸ் தேய்ந்துவிட்டது எனலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை அழுத்தி விட்டால் முன் ஃபோர்க் சத்தமின்றி இறங்கி எழ வேண்டும். அதன் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிற்று. பின் சக்கரத்தை இருபுறமும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தைச் சுழலவிட்டால் ரிம் அலையாமல் நேராகச் சுழல வேண்டும்.

செயினும் டயரும் பிரேக்கும்

மாட்டுக்குப் பல் எப்படியோ, மோட்டார் சைக்கிளுக்கு ஸ்ப்ராக்கெட் அப்படி. செயின் ஏறிச் சுற்றும் அந்தச் சக்கரத்தின் பற்கள் ஒரே சீராக இருந்தால் நன்று. அலைபோல் ஒருபக்கம் வளைந்து கூராகிவிட்டால் செயின் செட்டையே மாற்ற வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினை விரலால் இழுத்துப் பார்த்தாலும் தெரியும். பல்லை விட்டு அது நன்றாக விலகி வந்தால் செயின் நீண்டுவிட்டது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அது டயரின் பிறந்தநாள்! 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும், பழைய ரப்பர் இறுகி வெடித்திருந்தால் மழைச் சாலையில் வழுக்கும். பிரேக்குகளைத் தனித்தனியே பிடித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஹாரனை அடித்தால் பேட்டரியின் நிலை தெரியும்.

கணக்கும் இங்கே உதவும். மீட்டர் காட்டும் தூரத்தை வண்டியின் வயதால் வகுத்துப் பாருங்கள். ஆறு ஆண்டு ஓடிய வண்டியின் மீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டினால், ஆண்டுக்கு 3,000. நாளொன்றுக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஓட்டியவர் ஊர் ஊராகச் சென்று பொருள் விற்பவர் என்றால் இது பொருந்துமா? கால் வைக்கும் ரப்பரும், பிரேக் மிதியும், கைப்பிடியும் வழுவழுவென்று தேய்ந்திருக்க மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால், மீட்டர் மாற்றப்பட்டதோ என்று ஐயுற வேண்டும்.

மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் விற்பனைக்கு வருவதுண்டு. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. அத்தகைய வண்டியைக் கழுவித் துடைத்துவிடலாம். ஆனால் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையிலும், ஹெட்லைட்டின் உள்ளும், சீட்டின் அடியிலும் காய்ந்த வண்டல் இருக்கும். ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது.

ஏடுகளே உயிர்நாடி

இரண்டாவது வண்டியில் எஞ்சினும் ஃபிரேமும் நன்றாகவே இருந்தன. விலையும் 38,000தான். அப்பா முன்பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டுவிட்டார். நோட்டில் இன்னும் ஒரு பக்கம் மீதி இருந்ததால் நாங்கள் தடுத்தோம். அது ஏடுகளின் பக்கம்.

ஆர்.சி.யில் உரிமையாளர் பெயர், பதிவு நாள், எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகியவை இருக்கும். சேசிஸ் எண் பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்டது. பெரும்பாலும் ஃபிரேமின் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இலக்கங்களோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, கியூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. சிறு வயதில் காகிதத்தின் கீழே நாணயத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடினோம் அல்லவா? அவ்வாறே அந்த எண்ணின்மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டோம். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம் இருந்தாலோ, ஓர் எழுத்து மாறியிருந்தாலோ அந்த வண்டியைத் தொடவே கூடாது. அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்.

எண்கள் சரியாகவே இருந்தன. ஆனால் ஆர்.சி.யில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் இருந்தது. “கடனெல்லாம் கட்டியாச்சு” என்றார் விற்பவர். கடன் தீர்ந்தால் நிறுவனம் தடையில்லாச் சான்றும், படிவம் 35இல் கையொப்பமும் தரும். அவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். அவரிடம் சான்று இல்லை. “வாங்கி வாருங்கள், அன்றே பணம் தருகிறோம்” என்று சொல்லி வந்தோம். அவர் பிறகு வரவே இல்லை. கடன் தீராத வண்டியை நாங்கள் வாங்கியிருந்தால், நிறுவனத்தார் ஒருநாள் வாசலில் வந்து ஓட்டிச் சென்றிருப்பார்கள். அம்மாவின் மூன்றாண்டு உழைப்பும் அதோடு போயிருக்கும்.

ஆர்.சி.யின் செய்திகளை இப்போது அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தும் பார்க்கலாம். பதிவு, முதல் பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதி ஆகாமல் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். வேறு மாநில வண்டியானால் படிவம் 28 என்னும் தடையில்லாச் சான்று இன்றியமையாதது.

பெயர் மாற்றம்

இந்தப் பகுதியை எங்கள் சித்தப்பாவின் கண்ணீரால் எழுதுகிறோம் என்றால் மிகையாகாது. அவர் தம் மொபெட்டைத் தெரிந்தவர் ஒருவருக்கு விற்றார். படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, “அவரே மாற்றிக்கொள்வார்” என்று இருந்துவிட்டார். அவர் மாற்றவில்லை. மூன்றாண்டு கழித்து அந்த மொபெட் ஒருவர்மேல் மோதியது; இன்சூரன்ஸும் இல்லை. நீதிமன்ற அறிவிப்பு சித்தப்பாவின் பெயருக்கு வந்தது. ஏனென்றால் பதிவேட்டில் இருந்தது அவர் பெயர்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவங்கள் 29, 30. வாங்கியவர் இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில், வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வாங்குபவர் மட்டுமன்றி, விற்பவரும் பெயர் மாற்றம் முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே நிம்மதி கொள்ள வேண்டும்.

மூன்றாவது வண்டி

மூன்றாவது வண்டியின் உரிமையாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். சீட்டு கிழிந்திருந்தது, மட்கார்டில் கீறல்கள் இருந்தன. அண்ணனுக்குப் பிடிக்கவே இல்லை. அப்பாவோ, பெரியவர் முன்னிலையில் வண்டியை இப்படிக் குடைந்து பார்ப்பது மரியாதையாகுமா என்று கூச்சப்பட்டுத் தள்ளி நின்றார். அதைக் கண்ட பெரியவர், “நல்லா பாருங்க தம்பி. நானும் இப்படிப் பாத்துத்தான் வாங்குனேன்” என்று தாமே சைடு கவரைக் கழற்றிக் காட்டினார். பிறகு உள்ளே சென்று ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். எந்த நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினார் என்று ஒன்பது ஆண்டுக் கணக்கும் அதில் இருந்தது! எங்கள் கையிலும் ஒரு நோட்டு, அவர் கையிலும் ஒரு நோட்டு. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எஞ்சின் குளிர்ந்திருந்தது, இரண்டாவது உதையில் கிளம்பிற்று, புகை இல்லை. லைசென்ஸ் உள்ள அண்ணன் ஹெல்மெட் அணிந்து ஓட்டிப் பார்த்தான். ஹேண்டில் ஒருபக்கம் இழுக்கிறதா, கியர் தானாக நழுவுகிறதா, முறுக்கும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி வேகம் எடுக்காமல் கிளட்ச் வழுக்குகிறதா என்ற மூன்றையும் கவனித்து வந்து, “ஒண்ணும் இல்ல மாமா” என்றான். செயின் செட்டும் பின் டயரும் பேட்டரியும் மாற்ற வேண்டியிருந்தது. இவற்றை நாங்கள் சொல்வதற்கு முன்பே பெரியவர் சொன்னார். கேட்ட விலை 40,000. அந்தச் செலவைக் கழித்து 36,000 தந்தால் போதும் என்றும் அவரே சொன்னார். பழுதுக்கு 5,000, பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் 3,000 ஆக 44,000 ஆயிற்று. மீதி ஆயிரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்றை அம்மா வாங்கினார்கள்.

திரும்பி வரும் வழியில் அப்பா தம் கூச்சத்தைப் பற்றிச் சொன்னபோது மாமா, “வண்டியச் சந்தேகப்படுறது வேற, மனுஷனச் சந்தேகப்படுறது வேறண்ணே. நல்ல மனுஷன் வண்டியக் காட்டப் பயப்பட மாட்டான்” என்றார். முதல் வண்டிக்காரர் நாங்கள் குனிந்தபோதெல்லாம் பேச்சுக் கொடுத்ததை அப்போது நினைத்துக்கொண்டோம்.

முடிவாக…

தோழியரே! நமக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை. கியர் வண்டி ஓட்ட நமக்கு உரிமம் இல்லை. 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். எனவே ஓட்ட ஆசைப்படாமல், பார்க்கக் கற்றுக்கொள்வோம். வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு எழும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பெரியவர்களுடன் நாமும் செல்வோம். குளிர்ந்த எஞ்சின், நேரான ஃபிரேம், பொருந்தும் எண்கள், கடனற்ற ஆர்.சி., உடனே பெயர் மாற்றம் ஆகிய ஐந்தையும் அதில் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்வோம்.

இப்போது இரவு பதினொன்றே முக்கால் ஆனால் எங்கள் தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்கும். அம்மா வாசற்படியிலிருந்து எழுந்து, அண்ணனுக்குச் சோறு எடுத்து வைக்க உள்ளே செல்வார்கள்.